சவுண்ட் ஏன் கிழிகிறது? டிஸ்டார்ஷனுக்கு ஓர் அறிமுகம்

பெங்களூர் அல்சூர் சோமேஸ்வரர் கோயில் பூப்பல்லக்கு ஊர்வலத்தில் நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் நின்று போனில் எடுத்த வீடியோவை வீட்டுக்கு வந்து போட்டுப் பாருங்கள். நேரில் நெஞ்சை நிறைத்த ஒலி போனில் கரகரவென்று கிழிந்து கேட்கும். தவில் அடிகள் உயிரில்லாமல் தட்டையாக விழும். வால்யூமைக் குறைத்தால் சத்தம் குறையுமே தவிரக் கரகரப்பு போகாது. நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால் இன்னும் மோசம், கரகரப்பு தெளிவாகக் கேட்கும். இதுதான் டிஸ்டார்ஷன்.

மேடைக் கச்சேரி, வீட்டு ரெக்கார்டிங், கல்யாண மண்டப மைக் செட், கிட்டார் ஆம்ப் என்று எல்லா இடத்திலும் இதே பிரச்சினைதான் வெவ்வேறு வேஷத்தில் வருகிறது. ஆனால் சவுண்ட் சரியில்லை என்றாலே எல்லாவற்றையும் இந்தப் பெயரில் அடைத்துவிடுகிறோம். பாட்டு நின்ற பிறகும் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஒன்று ஓடிக்கொண்டே இருந்தால் அது ஹம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அதிர்வு) என்பதால் 50 அல்லது 100 ஹெர்ட்ஸில் கேட்கும், பெரும்பாலும் எர்த்திங் சிக்கல். "உஸ்ஸ்" என்று கேட்டால் அது வெறும் இரைச்சல். மைக் கூவினால் ஃபீட்பேக், ஸ்பீக்கரில் வரும் சத்தத்தை மைக்கே திரும்பக் கேட்டுச் சுற்றிச் சுற்றி வளர்ப்பது. டிஸ்டார்ஷனை இவற்றிலிருந்து பிரிக்க எளிய வழி உண்டு. அது பாட்டோடு பிறந்து பாட்டோடு சாகும். பாடுகிறவர் வாயை மூடினால் அதுவும் நின்றுவிடும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது?

ஒரு ஆம்ப்ளிஃபையரின் வேலை, வந்த அலையை வடிவம் மாறாமல் பெரிதாக்கித் தருவது. ஆனால் எவ்வளவு பெரிதாக்கலாம் என்பதற்கு அதன் பவர் சப்ளை ஓர் எல்லை போடுகிறது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் தரும் ஆம்ப் என்றால், அலையின் உச்சி ஏறத்தாழ 40 வோல்ட் வரை போகும். அதற்குமேல் கொடுக்க உள்ளே வோல்டேஜே கிடையாது. நீங்கள் நாபைத் திருகி 60 வோல்ட் உச்சி கேட்டால் அது 40 வரை ஏறி, அங்கேயே தட்டையாக நின்று, அலை இறங்கும் நேரம் வந்ததும் இறங்கும். படியில் குவித்து அளந்த அரிசியைத் தலைதட்டினால் மேலே இருந்தது எல்லாம் போய் விளிம்பு மட்டம் ஆகிவிடும் அல்லவா, அது போலத்தான். சவுண்ட்காரர்கள் இதைக் கிளிப்பிங் என்பார்கள்.

உச்சி போனால் சத்தம் கொஞ்சம் குறையத்தானே வேண்டும், கரகரப்பு ஏன் வருகிறது? இந்த விஷயத்தின் மையமே இந்தக் கேள்விதான். அலையின் வடிவம் மாறினால் அதற்குள் இருக்கும் ஸ்வரங்கள் மாறும். பிசிறே இல்லாத ஒற்றை அலைக்குள் ஒரே ஓர் அதிர்வெண்தான் உண்டு. அதன் இரு பக்கத்து உச்சியையும் மட்டமாக வெட்டினால், அதன் 3 மடங்கு, 5 மடங்கு, 7 மடங்கு என்று புதிய அதிர்வெண்கள் முளைக்கும். பாடியவர் பாடாதது, வாசித்தவர் வாசிக்காதது. அவற்றை ஆம்ப் தானாகச் சேர்த்துத் தருகிறது.

நமக்குத் தெரிந்த கணக்கில் பார்க்கலாம். சட்ஜம் 200 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 2 மடங்கு, அதாவது 400, மேல் ஸ்தாயி சட்ஜம். 3 மடங்கு, 600, மேல் ஸ்தாயிப் பஞ்சமம். 5 மடங்கு, 1000, அதற்கும் மேல் ஸ்தாயியில் அந்தர காந்தாரம். இதுவரை எல்லாம் சொந்தக்காரர்கள். 7 மடங்கு கைசிகி நிஷாதத்துக்குக் கொஞ்சம் கீழே விழுகிறது, எதிலும் ஒட்டாது. 11 மடங்கு சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் நடுவில் எங்கேயோ. லேசாக வெட்டுப்பட்டால் மூன்றாவதும் ஐந்தாவதும் மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், ஒலி தடித்தது போல இருக்கும். ஆழமாக வெட்டுப்பட்டால் 7, 9, 11 என்று மேலே உள்ள கூட்டம் முழுக்க இறங்கிவிடும். காதில் அறுப்பது அந்தக் கூட்டம்தான்.

மேலே சொன்ன இந்த மடங்கு அதிர்வெண்களுக்கு ஹார்மானிக்குகள் என்று பெயர், அவை நமக்குப் புதிதல்ல. நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவில் யாரும் மீட்டாத காந்தாரம் தானாகக் கேட்கும் என்று சங்கீதக்காரர்கள் சொல்வது அந்த ஐந்தாவது ஹார்மானிக்கைத்தான். ஒரு கம்பியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாமல் நிற்க வேண்டிய ஹார்மானிக்குகள் அதில் கேட்காது என்று ஒரு பழைய விதி இருந்தது. தம்புராவும் வீணையும் அந்த விதியை மீறுகின்றன, காரணம் கம்பியைத் தாங்கும் அவற்றின் குதிரை அமைந்திருக்கும் விதம் என்று 1921ல் எழுதியவர் சி.வி. ராமன். பின்னால் 1933ல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக பெங்களூருக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட அதே ராமன்தான். தம்புராக் கம்பி வளைந்த குதிரையின்மேல் தொட்டும் தொடாமலும் உரசுகிறது, இடையில் வைக்கும் ஜீவா நூல் அந்த உரசலைச் சரிசெய்கிறது. கம்பியின் சுத்தமான ஆட்டத்தைக் கொஞ்சம் கெடுத்துத்தான் அந்த ரீங்காரம் கிடைக்கிறது. டிஸ்டார்ஷன் என்றாலே கெட்டது என்று சொல்பவர்களிடம் நான் தம்புராவைத்தான் காட்டுவேன்.

அப்படியென்றால் மைக் செட்டில் மட்டும் ஏன் கஷ்டமாக இருக்கிறது? தம்புராவில் ஒவ்வொரு கம்பியும் தன் ஹார்மானிக்கைத் தானே உண்டாக்குகிறது. மைக் செட்டில் பாட்டு, வயலின், மிருதங்கம் எல்லாம் ஒரே ஆம்ப் வழியாகப் போய் ஒன்றாக வெட்டுப்படுகின்றன. அப்போது தனித்தனி ஹார்மானிக்குகளோடு, ஒன்றோடு ஒன்று கலந்த கூட்டலும் கழித்தலும் சேர்ந்து வரும். இதற்கு இன்டர்மாடுலேஷன் என்று பெயர். சட்ஜம் 200, பஞ்சமம் 300 என்றால் கலப்பில் 100, 400, 500, 700 எல்லாம் வரலாம். எல்லாமே 100இன் மடங்குகள் என்பதால் பெரும்பாலும் ராகத்தோடு போய்விடும். ஆனால் கமகத்தோடு வழுக்கிப் போகும் குரல், அதைத் துரத்தும் வயலின், நடுவில் மிருதங்கம் என்றால் கலப்பில் வரும் அதிர்வெண்கள் எந்த ஸ்வரத்திலும் நிற்காது, பாட்டு நகர நகர அவையும் தாறுமாறாக நகரும். அதனால்தான் ஒற்றை வீணையில் கேட்காத சேறு முழுக் கச்சேரியில் கேட்கிறது. ஆம்ப் பெட்டியில் "டி.ஹெச்.டி. 0.1 சதவீதம்" (மொத்த ஹார்மானிக் டிஸ்டார்ஷன்) என்று போட்டிருப்பது பொதுவாக ஒற்றை ஸ்வரத்தைக் கொடுத்து அளந்தது. அதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் வாட் கணக்கும் அப்படித்தான். பெங்களூர் எஸ்.பி. ரோடு போன்ற எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருக்களில் ஆயிரக்கணக்கான வாட் "பி.எம்.பி.ஓ." (ஒரு கணத்து உச்சி என்று சொல்லும் கணக்கு) என்று அச்சிட்ட சின்னப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண்ணைக் கண்டுகொள்ளவே வேண்டாம். ஆர்.எம்.எஸ். வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், எவ்வளவு, எத்தனை ஓமுக்கு, எத்தனை சதவீத டிஸ்டார்ஷனில் என்று கேளுங்கள். 10 சதவீத டிஸ்டார்ஷனில் அளந்து போட்ட வாட் என்றால், அந்த அளவில் ஆம்ப் ஏற்கெனவே நன்றாகத் தலைதட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

வாட் ஏன் அவ்வளவு வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். இசையின் சராசரி அளவுக்கும் உச்சிக்கும் இடையில் 10 முதல் 20 டெசிபல் வரை இடைவெளி இருக்கும். 10 டெசிபல் என்றால் பவரில் 10 மடங்கு. சராசரியாக 10 வாட் போய்க்கொண்டிருக்கும் கச்சேரியில் ஒரு மிருதங்க அடிக்கு 100 வாட் தேவைப்படலாம். உங்கள் ஆம்ப் 100 வாட் என்றால் சரியாகப் பொருந்தும். கூட்டம் பேச ஆரம்பிக்கிறது, பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று 3 டெசிபல் ஏற்றுகிறீர்கள். சராசரி 20 வாட் ஆகிறது, அடிக்கு 200 வாட் தேவை. பாட்டு இன்னும் சுத்தமாகத்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு அடியும் வெட்டுப்படும். முதலில் மிருதங்கம் மந்தமாகும், அப்புறம்தான் குரல் கிழியும். மைக் பரவாத காலத்தில் பின்வரிசைக்குக் கேட்கவேண்டும் என்பதற்காக சௌடையா தன் வயலினில் ஏழு கம்பி கட்டினார். மல்லேஸ்வரத்தில் வயலின் வடிவில் நிற்கும் மண்டபம் அவர் பெயரில்தான் இருக்கிறது. இன்று நமக்கு ஒரு நாபைத் திருகினால் போதும், அதுதான் தொல்லையும்.

சின்ன ஆம்பில் பெரிய ஸ்பீக்கர் பாதுகாப்பானது என்று ஒரு நம்பிக்கை உண்டு. பாதிதான் சரி. முழுக்க வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிட்ட அலை, அதே உச்சியுள்ள வளைந்த அலையைவிட இரண்டு மடங்கு பவரைக் கொண்டுபோகும். 100 வாட் ஆம்ப் வெட்டுப்பட்டபடி 200 வாட் பக்கம் தள்ளும். இசையின் இடைவெளிகள் எல்லாம் நிரம்பிவிடுவதால் ஸ்பீக்கரின் கோனை (கூம்பை) அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலுக்கு ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. முளைத்த மேல் ஹார்மானிக்குகள், உயர்ந்த அதிர்வெண்களுக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்கு நேரே போகும், முதலில் எரிவதும் அதுதான்.

இனி நடைமுறைக்கு வருவோம். ஒலி போகும் வழியைச் சங்கிலியாகப் பாருங்கள்: மைக், மிக்ஸரின் கெயின் (உள்ளே வரும் அளவைப் பெருக்கும் நாப்), ஃபேடர் (வெளியே போகும் அளவைக் கூட்டிக் குறைப்பது), ஆம்ப், ஸ்பீக்கர். ரெக்கார்டிங் என்றால் ஆம்புக்குப் பதில் மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் கம்ப்யூட்டரும். ஒவ்வொரு கண்ணிக்கும் தனித்தனி உச்சவரம்பு உண்டு. முதல் கண்ணியில் வெட்டுப்பட்டதைப் பின்னால் எந்தக் கண்ணியாலும் ஒட்ட முடியாது. ஃபேடரைக் குறைத்தால் வெட்டுப்பட்ட அலை சின்னதாகும், வெட்டு அப்படியே இருக்கும். அந்த நாதஸ்வர வீடியோவில் நடந்ததும் இதுதான்: போனின் மைக்கோ அதற்கு அடுத்த சுற்றோ தாங்கவில்லை, பதிவான பிறகு செய்ய ஒன்றும் இல்லை.

அதிகம் நடக்கும் தப்பு ஒன்று, கீபோர்டையோ லேப்டாப்பையோ மைக் சொருகும் இடத்தில் சொருகுவது. சாதாரண மைக்கிலிருந்து ஒரு சில மில்லிவோல்ட்தான் வரும். கீபோர்டிலிருந்து கிட்டத்தட்ட ஒரு வோல்ட் வரும், நூற்றுக்கணக்கான மடங்கு. கெயின் நாபை முழுக்க இடப்பக்கம் திருப்பினாலும் பல மிக்ஸர்களில் உள்ளே நுழையும்போதே வெட்டுப்பட்டுவிடும். லைன் இன்புட்டில் சொருகுங்கள், அது இல்லையென்றால் அளவை மைக் அளவுக்குக் குறைத்துத் தரும் டி.ஐ. பாக்ஸ் வையுங்கள், மிக்ஸரில் உள்ளே வரும் அளவைக் குறைக்கும் பேட் சுவிட்ச் இருந்தால் அமுக்குங்கள்.

இன்னொன்று, சவுண்ட் செக். "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்று சன்னமாகச் சொல்லி கெயின் வைத்தால் அது அந்த "ஒன் டூ த்ரீ"க்கு மட்டும் சரியாக இருக்கும். பாடுகிறவரை மேல் ஸ்தாயியில் உரக்கப் பாடச் சொல்லுங்கள், தவிலை முழு வேகத்தில் அடிக்கச் சொல்லுங்கள், அதற்கு கெயின் வையுங்கள். தலைவர்கள் பேசும் கூட்டம் என்றால் இன்னும் கொஞ்சம் இடம் விடுங்கள். உணர்ச்சி ஏற ஏற மைக்கை உதட்டோடு ஒட்டிக்கொள்வார்கள். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியானால் அளவு 6 டெசிபல் ஏறும்.

வால்யூம் குறைவாக இருக்கும்போதுதான் கரகரப்பு, ஏற்றினால் பரவாயில்லை என்று சில சமயம் தோன்றும். அது கிளிப்பிங் அல்ல. ஆம்பில் அலையின் மேல் பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப் பாதியை இன்னொன்றும் தள்ளுகின்றன. கை மாறும் அந்த நடுப்புள்ளியில் பயாஸ் (இரண்டையும் தயார் நிலையில் வைக்கும் சிறு மின்னோட்டம்) சரியாக வைக்கப்படவில்லை என்றால் அலையில் ஒரு சின்னப் படி விழும். பெரிய அலையில் அது தெரியாது, சின்ன அலையில் பளிச்சென்று தெரியும். கிராஸோவர் டிஸ்டார்ஷன் என்பது அதுதான், அவசரமாக ரிப்பேர் செய்த பழைய ஆம்பில் எதிர்பார்க்கலாம். எந்த அளவில் வைத்தாலும் ஒரே மாதிரி உரசல் கேட்டால் ஸ்பீக்கரின் வாய்ஸ் காயில் காந்தத்தில் உரசுகிறதா என்று பாருங்கள். பேஸ் வரும்போது மட்டும் "பட் பட்" என்றால் கோன் அதன் எல்லைவரை போய் முட்டுகிறது. ஒரு ஸ்தாயி கீழே போனால் அதே சத்தத்துக்குக் கோன் நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். கைக்கடக்கமான ஸ்பீக்கரிடம் உறுமி மேளத்தின் அடிநாதத்தைக் கேட்பது நியாயமில்லை.

டிஜிட்டலுக்கு வந்தால் எல்லை இன்னும் கறாரானது. 16 பிட் பதிவில் அலையின் உயரத்தைக் குறிக்க 65,536 படிகள். மேல் படிக்கு மேலே எண்ணே கிடையாது. டேப்பில் பதிவு செய்த காலத்தில் எல்லையை நெருங்கினால் அலை மெல்ல மெல்ல வளைந்துகொடுக்கும், அந்த வளைவையே விரும்பிப் பயன்படுத்தினார்கள். டிஜிட்டலில் வளைவு கிடையாது, ஒரே வெட்டு. இன்னொரு சங்கடமும் உண்டு. கம்ப்யூட்டருக்குள்ளேயே வெட்டு நடந்தால், பதிவு வேகத்தின் பாதிக்கு மேலே முளைக்கும் ஹார்மானிக்குகள் மடங்கிக் கீழே வந்துவிடும். நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் பதிவில் 5,000 ஹெர்ட்ஸின் ஏழாவது ஹார்மானிக் 35,000. அந்தப் பதிவில் அதற்கு இடமில்லை, 9,100 ஹெர்ட்ஸாக வந்து உட்காரும். மூல ஸ்வரத்தோடு அதற்கு எந்த உறவும் இல்லை.

எனவே வீட்டில் ரெக்கார்ட் செய்யும்போது 24 பிட்டில் வையுங்கள், உச்சிகள் மைனஸ் 12 டெசிபல் பக்கம், அதாவது மேல் எல்லைக்கு 12 டெசிபல் கீழே, நிற்கட்டும். மீட்டர் பாதிதான் எரிகிறதே என்று கவலைப்பட்டு ஏற்றாதீர்கள். 24 பிட்டில் கீழே ஏராளமான இடம் இருக்கிறது. சத்தம் போதவில்லை என்றால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், அப்போது கூடிக் கேட்கும் இரைச்சல் பெரும்பாலும் உங்கள் அறையின் ஃபேன்தான்.

இவ்வளவும் தவிர்ப்பதற்குச் சொன்னேன். வேண்டும் என்றே செய்பவர்களும் உண்டு. 2007ல் அயர்ன் மெய்டனும் 2011ல் மெட்டாலிக்காவும் பேலஸ் மைதானத்தில் வாசித்த ஊர் இது. அல்சூரிலும் காக்ஸ் டவுனிலும் எலெக்ட்ரிக் கிட்டார் பிடித்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு டிஸ்டார்ஷன் என்பது ஒரு பெடலின் பெயர். 1960களின் தொடக்கத்தில் நாஷ்வில் ஸ்டுடியோ ஒன்றில் மிக்ஸரின் ஒரு சேனல் பழுதாகி, அதன் வழியாகப் போன கிட்டார் கரகரத்தது. அந்தக் கரகரப்பு பிடித்துப்போய் அதை வேண்டும்போது உண்டாக்க ஒரு பெட்டி செய்தார்கள். 1962ல் விற்பனைக்கு வந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் அதுதான். இன்றைய பல பெடல்களுக்குள் இருப்பது எஸ்.பி. ரோட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் இரண்டு டயோடுகள். சிலிக்கான் டயோடு சுமார் 0.6 வோல்ட்டில் வழிவிடத் தொடங்கும், அதற்குமேல் அலையை ஏறவிடாது. மேலே ஆம்பில் நடந்த அதே தலைதட்டல்தான், கட்டுப்பாட்டோடு.

கிட்டார்காரர்கள் பெரும்பாலும் சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்த்துப் பிடிப்பது ஏன் என்று இப்போது புரியும். கலப்பில் முளைப்பவையும் அதே குடும்பத்தில் விழுகின்றன. நாலைந்து ஸ்வரம் உள்ள கார்டைப் பிடித்தால் எல்லாம் குழம்பிவிடும். பெடலை நேராகச் சபா மைக் செட்டில் சொருகி "என் கிட்டார் ஏன் எரிச்சலாகக் கேட்கிறது" என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே வேகமாகக் குறைந்துவிடும். அந்தக் கூர்மையான மேல் ஹார்மானிக்குகளை அது வடிகட்டுகிறது. மைக் செட்டின் ட்வீட்டர் வடிகட்டாது.

கடைசியாக, பாட்டை வெளியிடும்போது வரும் ஆசை. மற்றவர் பாட்டைவிட நம் பாட்டு சத்தமாகக் கேட்க வேண்டும் என்று மாஸ்டரிங்கில் (வெளியிடும் முன் செய்யும் கடைசிச் சீரமைப்பு) உச்சிகளை நசுக்கி, சராசரியை ஏற்றுவார்கள். கொஞ்சம் தாண்டினால் மறுபடியும் கிளிப்பிங். 2008ல் மெட்டாலிக்கா வெளியிட்ட ஆல்பத்தையே ரசிகர்கள் இதற்காகக் குறை சொன்னார்கள், அதே பாட்டுகள் ஒரு வீடியோ கேமில் வந்த வடிவம் நசுங்காமல் இருந்தது என்று ஒப்பிட்டுக் காட்டினார்கள். இப்போது அந்த ஆசைக்குப் பலனும் குறைவு. யூடியூப் போன்ற தளங்கள் அதிகச் சத்தமான பாட்டை மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு) பக்கம் தாமாகவே இறக்கிவிடுகின்றன. நசுக்கிப் பெற்ற சத்தம் அங்கே கழிந்துபோகும், நசுக்கியபோது முளைத்த ஹார்மானிக்குகள் மட்டும் பாட்டோடு இருக்கும்.